பூட்டிய கை

உருத்திரமூர்த்தி அண்ணையை நான் முதன்முதலில் கண்டது 1985ஆம் ஆண்டு கார்த்திகையில், டாவோஸுக்கு மேலே இரண்டாயிரம் மீற்றர் உயரத்தில் இருந்த ஒரு மலைவிடுதியின் குசினியில். நான் அங்கே ஒரு மாதம் முந்தி வந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். விடுதி முதலாளி கஃப்லிஷ் அவரைக் கூட்டி வந்து, "உன் நாட்டுக்காரன். கழுவுகிற இடத்தைக் காட்டு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது. எனக்கு இருபத்தேழு. நெல்லியடியில் தோட்டம் செய்தவர் என்றும், மனைவி புனிதவதியும் மகளும் ஊரில் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தன. கேட்டதற்கு, "மாடு இழுத்துப் போட்டுது" என்றார்.

நான் கடலோரத்துக் குருநகர்க்காரன், மரியதாஸ். தோட்டம் தெரியாதவன். அதனால் நம்பினேன்.

கோடையில் அந்த விடுதிக்கு ஒரு மண் பாதை உண்டு. குளிர்காலத்தில் அது பனிக்குள் போய்விடும். விருந்தினர் சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு வருவார்கள், போவார்கள். சறுக்கத் தெரியாத எங்களுக்கு இருந்த ஒரே வழி முதலாளியின் பனிவண்டி. அங்கே அதை ஷ்லிட்டன் என்பார்கள். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் இரும்பும் றப்பருமாக உருளும் பட்டி, மோட்டார்சைக்கிள் போல ஒரு இருக்கை. மாவு, பியர் பீப்பா, எண்ணெய், தபால் எல்லாம் அதன் பின்னால் கட்டிய வண்டிலில்தான் ஏறின. முதலாளி மட்டும்தான் அதை ஓட்டுவார். அவர் இறங்கினால் நாங்கள் இறங்கலாம். அவருக்கு மனமில்லாவிட்டால் இல்லை. மார்கழி முதல் பங்குனி வரை நான் டாவோஸ் தெருவில் கால் வைத்தது நான்கு தரமோ ஐந்து தரமோதான்.

முதல் குளிர்காலத்தில் அண்ணைக்கு ஒரே ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் பின்கதவடியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பார். கீழே ரயில் ஒரு புழு அளவில் ஊர்ந்து போகும். வேறு மாநிலத்தில், எம்மன்புரூக்கேயில் அவருடைய மைத்துனர் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார், தன்னிடம் வரச்சொல்லி எழுதிக்கொண்டே இருந்தார். ஆனால் அகதி விண்ணப்பம் போட்ட எங்களுக்குத் தந்த அட்டையில் மாநிலத்தின் பெயரும் முதலாளியின் பெயரும் "குசினி உதவியாளர்" என்பதும் அடித்திருந்தது. வேறு மாநிலத்துக்கு மாறக் கேட்டு அண்ணை இரண்டு தரம் எழுதினார். இரண்டு தரமும் இல்லை என்று வந்தது. முதலாளியை விட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் அகதி முகாம். "நல்ல இடம் தம்பி. ஓடுறதுக்கு ஒரு பக்கமும் இல்லை" என்று ஒருநாள் சொன்னார். சிரிக்காமல்தான் சொன்னார்.

1987 மாசி மாதம் பள்ளிக்கூட விளையாட்டு விடுமுறை. விடுதி நிறைய ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய பனிப்புயல் திங்கட்கிழமையும் விடவில்லை. அன்று காலையில் சற்றே வெளித்த நேரம் பார்த்து முதலாளி கீழே போய் நான்கு பீப்பா பியரும் உருளைக்கிழங்கு மூட்டைகளும் ஏற்றிக்கொண்டு வந்தார். விடுதிக்கு இருநூறு மீற்றர் கீழே, சரிவின் கடைசி மேட்டில் வண்டி ஏறி விழுந்தபோது, உள்ளே ஏதோ ஒடிந்து பின்பக்கம் அப்படியே குந்திவிட்டது. முதலாளி தூக்கி எறியப்பட்டு வலது கையை ஊன்றி விழுந்தார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது மணிக்கட்டு பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது. விருந்தினரில் நான்கு ஆண்களும் நாங்கள் இருவரும் கயிறு கட்டி வண்டியை இழுத்து வந்து கொட்டிலுக்குள் விட்டோம்.

ஒடிந்தது பின் சஸ்பென்ஷனின் கை. பட்டிக்குள்ளே, வண்டியின் உடலையும் நிலத்தில் அழுத்தும் சட்டத்தையும் இணைத்துப் பாரத்தைத் தாங்கும் இரும்புக் குழாய் அது. அந்த வண்டிக்கு அது மூன்றாம் தரம் உடைகிறது. அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றினால் வேறு என்ன நடக்கும். இரண்டாம் தரம் உடைந்தபோதே, மூலைகளில் தகடு வைத்துப் பற்றவைத்த, தடித்த குழாயில் செய்த பலமான கை ஒன்றை முதலாளி தருவித்திருந்தார். பெட்டி பிரிக்காமல் கொட்டிலில் கிடந்தது. வசந்தத்தில் கீழே மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் போடலாம் என்று வைத்திருந்தார்.

முதலாளியின் கையைக் கட்டச் சீலை தேவைப்பட்டது. "அலுவலக மேசை, இரண்டாவது லாச்சி" என்றார். நான் போய் முதலாவதைத் திறந்துவிட்டேன். ரசீதுகளுக்கு மேலே ஒரு நீளமான உறை கிடந்தது. அரசாங்க முத்திரை. அண்ணையின் பெயர். தபால் முத்திரையில் ஒன்பது நாள் பழைய தேதி. பதிவுத் தபால். கீழே போனபோது முதலாளி கையெழுத்து வைத்து எடுத்திருக்கிறார்.

சீலையோடு அந்த உறையையும் எடுத்துக்கொண்டு நேரே கழுவும் இடத்துக்குப் போனேன்.

அண்ணை கையைத் துடைத்துவிட்டு, ஏற்கெனவே கிழிந்திருந்த உறைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்தார். எனக்குத்தான் ஜெர்மன் கொஞ்சம் ஓடும். வாசித்துச் சொன்னேன். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பேர்ன் நகரத்தில் விசாரணை. தகுந்த காரணமில்லாமல் வராதவருடைய அகதி விண்ணப்பம், கையிலுள்ள பத்திரங்களை வைத்துத் தீர்மானிக்கப்படும்.

"இண்டைக்கு என்ன கிழமை?" என்றார்.

"திங்கள்."

அவர் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தார். இரண்டு பேரும் முதலாளியிடம் போனோம். நான் உறையை மேசையில் வைத்தேன். கஃப்லிஷ் கெட்ட மனிதர் இல்லை. எங்களோடு ஒரே மேசையில் சாப்பிடுவார். உறையைக் கண்டதும் அவருடைய காது சிவந்தது.

"மறந்துவிட்டேன்" என்றார். பிறகு, "விடுமுறை வாரம். கழுவ ஆள் இல்லாமல் எப்படி? நான் தொலைபேசி எடுத்து அடுத்த மாதத்துக்கு மாற்றித் தரலாம் என்று இருந்தேன்" என்றார்.

"எடுத்தீர்களா?"

எடுக்கவில்லை. இப்போது எடுக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமையே காற்றில் தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டது. சறுக்கிப் போகலாம் என்றால் எங்களுக்குத் தெரியாது. நடக்கலாம் என்றால் ஏழு கிலோமீற்றர், இடுப்பளவு புதுப்பனி, நடுவில் பனிச்சரிவு விழும் ஒரு ஓடை. விருந்தினர் யாரும் அந்தப் பக்கம் இறங்கத் துணியவில்லை.

அண்ணை தனக்குத் தெரிந்த ஜெர்மனில், "கொட்டிலுக்குள்ளை கிடக்கிற அந்தப் புதுக் கையை நான் பூட்டுறன்" என்றார்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "நீயா? நீ விவசாயி. உன் தாளில் அப்படித்தான் இருக்கிறது."

முதலாளி முடியாது என்று தலையை ஆட்டினார். பாதுகாப்பு, காப்புறுதி, அனுமதி என்றார். குசினி ஆளை இயந்திரத்தில் கை வைக்க விட்டதாகத் தெரிந்தால் தனக்குத்தான் பிரச்சினை என்றார். கடைசியில் வீங்கிய கையை ஒருதரம் பார்த்தார், மேசையில் கிடந்த உறையையும் பார்த்தார். கொட்டில் பூட்டின் திறப்பை எடுத்துத் தந்தார்.

செவ்வாய்க்கிழமை காலைச் சாப்பாட்டுப் பாத்திரம் முடிந்ததும் தொடங்கினோம். கொட்டிலுக்குள் மூச்சு வெள்ளையாக வந்தது. அண்ணை வண்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தார். குனிந்தார். பட்டிக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். அந்த ஒரு அசைவிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"அண்ணை, நீங்கள் தோட்டக்காரன் இல்லை."

"இல்லை" என்றார். "பெற்றோலை வடி. சரிக்கேக்கை ஊத்துப்படும்."

பெற்றோலை வாளியில் வடித்தோம். ஒரு பழைய மெத்தையைப் போட்டு வண்டியை அதன்மேல் பக்கவாட்டில் சரித்தோம். பின் அச்சிலிருந்த இரண்டு திருகுகளைத் தளர்த்தி, இறுகி நின்ற பட்டியை அண்ணை தொய்ய விட்டார். சஸ்பென்ஷன் முழுவதையும் வண்டியின் உடலோடு பிடித்துவைப்பது நான்கு பெரிய போல்ற். மூன்று கழன்றன. நான்காவதைத் திருகத் திருக, உள்ளேயிருந்த தண்டும் சேர்ந்து சுழன்றது. துருப்பிடித்து ஒன்றாகிவிட்டது.

"குசினியிலை கொதிதண்ணி இருக்கோ?"

பெரிய கேத்தலில் கொண்டுபோனேன். மற்றப் பக்கத்துப் போல்ற்றைத் திரும்ப இறுக்கித் தண்டைப் பிடிக்கவைத்து, இந்தப் பக்கத்தில் கொதிநீரை ஊற்றி, சூடு ஆறுவதற்குள் திருகினார். ஐந்து கேத்தல் போனது. ஆறாவது கேத்தலில் போல்ற் அசைந்தது, அரைச் சுற்று வந்தது, தலை முறிந்து நிலத்தில் விழுந்தது.

நான் ஏசினேன். அவர் ஏசவில்லை. முறிந்த துண்டை எடுத்துத் தலையில் எழுதியிருந்த, அதன் பலத்தைக் குறிக்கும் எண்ணைத் துடைத்துக் காட்டினார். "எட்டுப் புள்ளி எட்டு. இந்த எண் இருக்கிற போல்ற் எங்கையாவது இருக்கும். தேடு. எண் இல்லாததைக் கொண்டு வராதை, அது கதவுக்குத்தான்."

நான் விடுதி முழுவதும் தேடினேன். கோடையில் இழுக்கும் சிறிய வண்டிலின் கொக்கியில் அதே தடிப்பில் ஒன்று இருந்தது, தலையில் அதே எண். கழற்றிக்கொண்டு வந்தபோது அண்ணை முறிந்த துண்டைக் குடைந்து எடுத்துவிட்டு, சட்டத்தைப் பட்டிக்குள்ளிருந்து இழுத்து வெளியே போட்டிருந்தார். சுருள் வில்லுகளைக் கழற்ற மட்டும் என்னைக் கூப்பிட்டார். முறுக்கி வைத்த தடித்த வில்லு, தவறினால் விரலை எடுத்துவிடும். கயிறு போட்டு நான் இழுத்துப் பிடிக்க, அவர் கொக்கியிலிருந்து விடுவித்தார். மடங்காத இரண்டு விரலும் ஒவ்வொரு இடத்திலும் தடுக்கின. ஸ்பானரைச் சுண்டுவிரலாலும் பெருவிரலாலும் பிடித்தார்.

"மாடு இழுக்கேல்லைத்தானே" என்றேன்.

அப்போதுதான் சொன்னார். நெல்லியடியில் அவருக்கு ஒரு கராஜ் இருந்தது. தண்ணீர் இறைக்கும் இயந்திரம், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், பிறகு கடலுக்குப் போகிறவர்களின் வெளியிணைப்பு எஞ்சின். திருத்திய எஞ்சின் நன்றாக ஓடியதுதான் வினையாகப் போனது. ஆயுதம் தூக்கிய இயக்கப் பொடியள் தங்கள் படகு எஞ்சின்களையும் கொண்டுவரத் தொடங்கினார்கள். மாட்டேன் என்று சொல்லும் நிலை இல்லை. யாரோ காட்டிக்கொடுத்து இராணுவம் வந்து கராஜை எரித்து அவரைக் கொண்டுபோனது. பதினொரு நாள். எஞ்சின் திருத்திய கை எது என்று கேட்டுக் கேட்டு விரல்களை மேசை விளிம்பில் வைத்து முறித்தார்கள். பதினோராம் நாள் ஏனோ விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் பொடியள் கேட்டார்கள், ஏன் உன்னை மட்டும் விட்டார்கள், என்ன சொன்னாய் என்று.

"இந்தப் பக்கமும் ஏலாது, அந்தப் பக்கமும் ஏலாது. வெளிக்கிட்டன்" என்றார். "இஞ்சை வந்து இறங்கேக்கை, கூட வந்தவங்கள் சொன்னாங்கள், படகு எஞ்சின் திருத்தினது எண்டு வாய் திறக்காதை, உன்னையும் அவங்களோடை சேத்து எழுதிப்போடுவாங்கள், தோட்டக்காரன் எண்டு சொல்லு எண்டு. சொன்னன். ரெண்டு வருசமா தோட்டக்காரன்."

"அப்ப வியாழக்கிழமை என்ன சொல்லப்போறீங்கள்?"

"முதல்லை இதைப் பூட்டுவம்."

பழைய கை, அதிர்வு தாங்கி பிடிக்கும் இடத்தில் பற்றவைப்போடு ஒடிந்திருந்தது. புதிய கையைப் பெட்டியிலிருந்து எடுத்தோம். கறுப்பு வர்ணம், மூலைக்கு மூலை முக்கோணத் தகடு. பாரமாக இருந்தது. ஆனால் தண்டு அதற்குள் போகவில்லை. உள்ளேயிருந்த பித்தளை வளையம் மயிரிழை இறுக்கம். சுத்தியலால் அடித்தால் வளையம் நசுங்கும் என்றார். தண்டை வெளியே பனிக்குள் புதைத்துவைக்கச் சொன்னார். கையை என் குசினிக்குக் கொண்டுவந்து, மத்தியான உருளைக்கிழங்குக்கு மூட்டிய அடுப்புக்குள் கீழ்த் தட்டில் வைத்தார். அரை மணித்தியாலம். வர்ணம் கருகும் மணம் சாப்பாட்டறை வரை போய் ஒரு அம்மா மூக்கைப் பிடித்தார். பிறகு துணியால் சுற்றிக் கையைத் தூக்கிக்கொண்டு அண்ணை பனிக்குள் ஓட, நான் தண்டைத் தோண்டி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். சுட்ட இரும்புக்குள் குளிர்ந்த இரும்பு ஒரு தள்ளலில் போய் உட்கார்ந்தது. அண்ணையின் முகத்தில் அன்று நான் கண்ட ஒரே மகிழ்ச்சி அதுதான். அது முடிய அவர் திரும்பக் குனிந்துவிட்டார்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பட்டிக்குள் தள்ளி, புதுப் போல்ற்றையும் போட்டு இறுக்கி, வண்டியை நிமிர்த்திய பின், என்னை இருக்கையின் பின்புறத்தில் ஏறிக் குதிக்கச் சொல்லித் தான் படுத்துப் பார்த்தார். நான் குதிக்கும்போதெல்லாம் புதிய தகட்டின் ஒரு முனை வில்லின் கொக்கியில் உரசியது. அரை விரல் அகலம்கூட இல்லை. "விடலாம்தானே" என்றேன். "நாளைக்கு ஓடையிலை ஒரு தரம் அடிச்சால் கொக்கி கழரும். வில்லு பட்டியை வெட்டும். அங்கை நிண்டு என்ன செய்யிறது?" என்றார். திரும்பச் சரித்தோம், திரும்பக் கழற்றினோம். அவர் அரத்தை எடுத்து அந்த முனையைத் தேய்த்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். நடுவில் மத்தியானப் பாத்திரத்தைக் கழுவ எழும்பிப் போய், கழுவிவிட்டுத் திரும்பி வந்து தேய்த்தார். விளக்கு ஏற்றும் நேரத்துக்கு வண்டி கொட்டில் வாசலில் நான்கு மூலையும் சமமாக நின்றது.

முதலாளி வந்து பார்த்தார். இடது கையால் பின்பக்கத்தை அழுத்திப் பார்த்தார்.

புதன்கிழமை காலையில் காற்று நின்றது. வெயில் ஏறுமுன் ஓடையைக் கடக்கவேண்டும் என்றார் முதலாளி. ஆனால் வேகம் கொடுக்கும் நெம்பு வலது பெருவிரலுக்கு. அவருடைய வலது கை சீலைக்குள். அண்ணைதான் ஓட்டவேண்டும். பிறேக் இடது பக்கம், மடங்காத விரல்களின் பக்கம். முதலாளி பின்னால் ஏறி அவருடைய இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இருவரும் வெள்ளைக்குள் மறைவதைப் பார்த்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். அன்று முழுவதும் நானே வெட்டி நானே கழுவினேன்.

நடந்ததை அண்ணை பிறகு சொன்னார். பாதை எங்கே என்று தெரியவில்லை. முதலாளி காதுக்குள் "இடது, இடது, நேரே" என்று சொல்லச் சொல்ல ஓட்டினார். ஓடையை அண்டியபோது மேலே சரிவில் பனி விளிம்பு தொங்கிக்கொண்டிருந்தது. "நிற்காதே" என்றார் முதலாளி. நடு ஓடையில், காற்று மூடிவைத்த ஒரு பள்ளத்துக்குள் வண்டி முன்பக்கம் குத்தி இறங்கி, எதிர்க்கரையில் மோதி ஏறியது. பின்பக்கம் முழுப் பாரத்தோடு விழுந்தது. முள்ளந்தண்டில் அடி விழுந்ததுபோல் இருந்ததாம். அண்ணை அந்த ஒரு விநாடி காதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார், உடைகிற சத்தத்துக்கு. வரவில்லை. மறுகரையில் மரங்களுக்குள் போய்த்தான் நிறுத்தினார். முதலாளி இறங்கி வாந்தி எடுத்தார். கை வலியிலோ பயத்திலோ தெரியாது. வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாராம்: "நீ யார்?"

"மெக்கானிக்" என்றாராம் அண்ணை. இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை ஒரு வெள்ளைக்காரனிடம் சொன்னது அன்றுதான்.

டாவோஸிலிருந்து ரயில் ஏறி, எம்மன்புரூக்கேயில் மைத்துனர் வீட்டில் தங்கி, வியாழன் காலை பேர்னுக்குப் போனார். விசாரணை அறையில் ஒரு அதிகாரி, ஒரு தட்டச்சுப் பெண், மொழிபெயர்க்க ஒரு தமிழ்நாட்டுக்காரர். பெயர், பிறந்த தேதி எல்லாம் முடிந்து, என்ன தொழில் என்று கேட்டபோது அண்ணை ரயிலில் நினைத்துவைத்திருந்ததைச் சொன்னார். கராஜ், எஞ்சின், பதினொரு நாள், விரல். எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி பழைய கோப்பைப் புரட்டினார்.

மொழிபெயர்ப்பாளர் அண்ணையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாராம்: "முன்னாடி விவசாயின்னு சொல்லியிருக்கீங்க. இப்போ மெக்கானிக்னு சொல்றீங்க. ரெண்டுல எது பொய்னு கேக்கிறார்."

"முந்திச் சொன்னது."

"அப்போ ஏன் பொய் சொன்னீங்கன்னு கேக்கிறார்."

"பயத்திலை."

அதிகாரி அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். தட்டச்சுப் பெண் அந்த ஒரு சொல்லையும் அடித்தாள். ஐந்து மணித்தியாலத்தில் முடிந்தது. சனிக்கிழமை அண்ணை கீழே நின்ற முதலாளியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு விடுதிக்குத் திரும்பி வந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் உண்மையில் கஷ்டம் தொடங்கியது. அவருக்கு என்ன தெரியும் என்று இப்போது முதலாளிக்குத் தெரியும். காலையில் பாத்திரம், பிறகு வண்டி, பிறகு மின் இயந்திரம், வெந்நீர்க் குழாய், கூரையில் கம்பி. அட்டையில் குசினி உதவியாளர்தான். வாரத்துக்கு ஒருநாள் இருந்த ஓய்வும் போனது, ஏனென்றால் எப்போதும் ஏதாவது ஒன்று பழுதாகும். மாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை, அல்லது யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. "நெல்லியடியிலையும் இப்பிடித்தான்" என்று ஒருதரம் சொன்னார். பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. வைகாசியில் நெல்லியடி இருக்கிற வடமராட்சியில் சண்டை என்று ரேடியோ சொன்னது. புனிதவதி அக்காவிடமிருந்து ஏழு வாரம் கடிதம் இல்லை. அந்த ஏழு வாரமும் அவர் யாரும் கேளாமலே இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். பிறகு கடிதம் வந்தது. உயிரோடு இருந்தார்கள்.

ஐப்பசியில் முடிவு வந்தது. நிராகரிப்பு. தொழிலைப் பற்றியே இரண்டு விதமாகச் சொன்னவரின் மிச்சக் கதையையும் நம்புவதற்கில்லை என்று எழுதியிருந்தது. முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். கூர் நகரத்தில் அகதிகளுக்கு இலவசமாக எழுதிக்கொடுக்கும் ஒரு பெண்ணிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவர் மெக்கானிக் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும்" என்றார். யாழ்ப்பாணத்தில் அந்த மாதம் இந்திய இராணுவத்தோடு சண்டை. அங்கே யாரிடம் போய்க் கடிதம் கேட்பது?

ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

அண்ணை போகமாட்டேன் என்றார். "அந்தாள் எழுதினால் தன்ரை கழுத்திலை தானே கயிறு போட்ட மாதிரி" என்றார். உண்மைதான். அனுமதி இல்லாத வேலை செய்வித்ததை முதலாளியே ஒப்புக்கொள்ளவேண்டும். கடைசியில் நான்தான் போய்க் கேட்டேன். கஃப்லிஷ் பியர்க் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு கிழமை ஒன்றும் சொல்லவில்லை. எங்களோடு சாப்பிட உட்காருவதையும் விட்டுவிட்டார். தவணைக்கு நான்கு நாள் இருக்கும்போது, மூன்று பக்கத்தில் கையால் எழுதிய ஒரு கடிதத்தை அண்ணையின் கழுவும் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்.

நான் அதை நின்ற இடத்திலேயே வாசித்துச் சொன்னேன். போல்ற் முறிந்தது, அடுப்பில் சூடாக்கியது, தகட்டை அரத்தால் தேய்த்தது எல்லாம் இருந்தது. எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். முப்பது வருடம் மலையில் இயந்திரங்களோடு இருந்தவன் என்ற முறையில், இந்த மனிதர் இதைப் புத்தகத்தில் படித்துச் செய்யவில்லை என்று எழுதியிருந்தார். கடைசிப் பந்தியில்: "இவருடைய அழைப்புக் கடிதத்தை ஒரு வாரத்துக்கு மேல் என் மேசையில் வைத்திருந்தேன். மறந்ததாக இவரிடம் சொன்னேன். மறக்கவில்லை. ஆள் போய்விடுவார் என்று வைத்திருந்தேன்."

அண்ணை குழாயை மூடாமலே கையைத் துடைத்துக் கடிதத்தை வாங்கிக்கொண்டார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கடிதத்தால் முதலாளி தண்டம் கட்டினார். அடுத்த பருவத்துக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வைத்திருக்க அவருக்கு அனுமதி கொடுக்கவில்லை. 1988 சித்திரையில் எங்களை இறக்கிவிட்டபோது வண்டியில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஓட்டியது அண்ணை. கீழே வந்ததும் கஃப்லிஷ் எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார். விடுதியை விற்கப்போவதாகச் சொன்னார், விற்கவில்லை.

எனக்கு டாவோஸ் பிளாட்ஸில் ஒரு ஹோட்டல் குசினி கிடைத்தது. அண்ணைக்கும் அங்கேதான், திரும்பவும் கழுவும் வேலை. ஒரே அறையில் இருந்தோம். தெருவுக்கு இறங்கலாம், கடைக்குப் போகலாம், மற்றபடி முந்தியைப்போலத்தான். அடுத்த ஒன்றரை வருடமும் தபால்காரன் வரும் நேரத்துக்கு அவர் எங்கே நின்றாலும் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். ஒருதரமாவது கத்தமாட்டாரா என்று நான் பார்ப்பேன். கத்தவில்லை. தலைமயிர் மட்டும் நரைத்தது.

1989 கார்த்திகையில் மேன்முறையீட்டின் முடிவு வந்தது. அகதியாக ஏற்கவில்லை. ஆனால் திருப்பி அனுப்பவும் மாட்டோம், தற்காலிகமாக இருக்கலாம், வேலை மாறலாம் என்று இருந்தது. மாநிலம் மாற முடியாது. குடும்பத்தைக் கூப்பிட முடியாது, அதற்கு வேறு அட்டை வேண்டும், அது எப்போது என்று சொல்ல முடியாது. அலுவலகத்தில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: "காத்திருங்கள்." மார்கழியில், தெருப்பனி தள்ளும் வண்டிகளைத் திருத்தும் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே மேசையில் தனியாக ஒரு பெட்டி ஸ்பானர்கள் கொடுத்தார்கள்.

அவர் அந்தச் செய்தியை எல்லாம் ஊருக்கு எழுதினார். இன்னும் கொஞ்சக் காலம்தான், பொறுத்திரு என்று எழுதியதாக என்னிடம் சொன்னார். பதில் ஐந்து கிழமையில் வந்தது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போக பஸ் தரிப்பில் நின்றபோது பிரித்தார். வழக்கமாக ஒரு பக்கம்தான் இருக்கும். இது நான்கு பக்கம். வாசித்து முடித்துவிட்டு ஒரு பந்தியை மட்டும் எனக்குக் காட்டினார்.

"பொறு பொறு எண்டு அஞ்சு வருசம் பொறுத்திட்டன். இனி நீங்கள் கூப்பிடுற நாளை எண்ணிக்கொண்டு இருக்கப்போறேல்லை. மந்திகை ஆசுபத்திரியிலை மருந்து கட்டப் பழக்கினம், தையிலிருந்து நானும் போறன். பிள்ளையை அம்மா பாப்பா. கூப்பிடுற காலம் வந்தால் கூப்பிடுங்கோ, வாறன். அதுவரைக்கும் எனக்கும் ஒரு வேலை இருக்கு."

"கோபமாக்கும்" என்றேன்.

"இல்லை" என்றார். பிறகு, "தெரியேல்லை" என்றார்.

பஸ் வந்தது. அவர் கடிதத்தைத் திரும்ப மடிக்க முயன்றார், கையுறையோடு மடிக்க வரவில்லை. சாரதி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தான். அண்ணை கையுறையைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, நான்கு பக்கத்தையும் ஒழுங்காக மடித்து உள்சட்டைப் பையில் வைத்துவிட்டு ஏறினார்.